ரெத்தினதாஸ் சாட்சி சொன்ன ஞாயிறு

என்னைக் கெட்டின மாப்பிள்ளை ரெத்தினதாஸ் வெள்ளறடை ஸ்டாண்டில ஆட்டோ ஓட்டுற ஆளு. சோம்பேறி இல்ல, அதில நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனா சாயங்காலம் வந்து காலைக் கழுவினதும் போனைத் தூக்கி வச்சுகிட்டு கார் ரேஸ் படம் பாப்பாரு. எந்தப் பாஷையானாலும் சரி. பாத்தா மட்டும் போதாது, அழணும். பெத்த அப்பனைக் குழியில இறக்கினப்ப கண்ணு நனையாத மனுசன், எவனுக்கோ கடைசி ரவுண்டில டயரு வெடிச்சதுக்கு ஏங்கி ஏங்கி அழுதாரு.

அந்தப் படங்களை நானும் பக்கத்தில இருந்து பாத்திருக்கேன். என்ன மண்ணாங்கட்டி உண்டு அதில? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்கு ஒருத்தன் சாவப் பாப்பான். அவனுக்க பொண்டாட்டி வீட்டில டிவிக்கு முன்னால கையைக் கூப்பிக்கிட்டு நிப்பா. கார் கவிழும், தீ பிடிக்கும், ஆளு புகைக்குள்ள இருந்து எழும்பி வருவான். அப்ப ஒரு வயலின் வாசிப்பானுவ. உடனே நம்ம ஆளு மூக்கைச் சிந்துவாரு.

"உனக்கு இதொண்ணும் மனசிலாவாது. அவன் படுற பாடு அப்பிடியாக்கும்"ண்ணு எனக்குப் பாடம் வேற. விடியுமுன்ன போய் ரப்பர் மரத்துப் பட்டை வெட்டி, பாலெடுத்து, வீட்டு வேலையும் முடிச்சு நிக்குறவ நான். எனக்க பாடு அவருக்குக் கண்ணில படல்ல.

போன மழைக்காலத்தில ஒற்றசேகரமங்கலத்தில ஒரு சாவுக்குப் போயிட்டு ரெண்டு பேரும் அவருக்க ஆட்டோவில திரும்பி வந்தோம். வழியில கிருஷ்ணன்குட்டி, அதே ஸ்டாண்டுகாரன், எங்களை முந்திப் போனான். போனா போறான்ண்ணு விட வேண்டியதுதானே? விடல்ல. வளைவில பிரேக்கைத் தொடாம முறுக்கினாரு. நான் போட்ட கூப்பாடு ஒண்ணும் காதில ஏறல்ல. ஆட்டோ மரச்சீனித் தோட்டத்தில போய்க் கவிழ்ந்துது. அவருக்கு ஒரு கீறல். எனக்கு வலது கை ஒடிஞ்சு கம்பி வச்சாச்சு. ரப்பர் வெட்டும் அதோட போச்சு.

கேட்டவங்ககிட்ட எல்லாம் நாய் குறுக்க சாடிச்சுண்ணு சொன்னாரு. பாவம் நாய்.

எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தில தப்பினவங்க ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால நிண்ணு சாட்சி சொல்லணும். கட்டு அவிழ்த்த வாரம் நான் அவருகிட்டச் சொன்னேன்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எனக்க தப்புதான், அவளுக்க கையை நான்தான் ஒடிச்சேன்ண்ணு அங்க வச்சுச் சொல்லிரும். நான் பொறுத்துக்கிடுதேன்."

"சொல்லுதேன்"ண்ணாரு.

சொன்னாரு. மைக்கைப் பிடிச்சா விடணுமே. பிரேக் போச்சாம். ஆட்டோவுக்கு இல்லாத ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சாராம். தீக்குள்ள இருந்து கர்த்தர் கையைப் பிடிச்சு இழுத்தாராம். வீட்டில பொண்டாட்டி முட்டங்காலில நிண்ணு கதறினாளாம். எனக்குத் தெரிஞ்ச கதைதான், போன மாசம் போனில ஓடினது. எனக்க கையில இருந்த கட்டை முந்திப் பாத்தவங்ககூட முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. அவரும் அழுதாரு. நடிச்சிருந்தாலாவது பொறுத்திருப்பேன். நெசமாவே அழுதாரு, அதுதான் எனக்கு அருவருப்பா இருந்துது.

ஆராதனை முடிஞ்சதும் புதுசா மாறி வந்த பாஸ்டரம்மா எனக்க பக்கத்தில வந்தாங்க. அவங்க கண்ணும் சிவந்திருந்துது.

"உனக்க ஜெபமாக்கும் அவரைக் காப்பாத்தினது மக்கா. விவரம் கேட்டப்ப வீட்டில நீ எப்பிடித் துடிச்சிருப்ப?"

"நான் வீட்டில இல்லம்மா" ண்ணேன். "அந்த ஆட்டோவுக்கு அடியில கிடந்தேன்."