பாஸ்க் பலகையும் மோட்ச அர்ச்சனையும்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் லா ஷோ-து-ஃபோன் நகரில், பாஸ்க் மக்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் கண்காட்சி ஒன்று அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தது. என்னோடு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாஸ்க்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக என்னையும் கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மாட்டு நுகம், பால் கறக்கும் மரச்செம்பு, இடையர் போர்த்தும் தோல். எழுதி ஒட்டியிருந்ததையெல்லாம் கணவர் ஒன்று விடாமல் வாசித்தார். வீட்டுக்கு வரும் கடிதத்தை உடைத்தும் பார்க்காத மனிதர்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஆள் உருவத்தில் செதுக்கிய பலகை. அதைச் சுற்றி மெல்லிய மெழுகுதிரி. இறந்தவர்களுக்காக வீட்டுப் பெண் தேவாலயத்தில் கொளுத்துவது என்று தோழி சொன்னாள். அவளுடைய மாமா கடலுக்குப் போய்த் திரும்பவில்லையாம். உடல் கிடைக்காமலே அவருக்கும் கொளுத்தினார்களாம்.

"உடம்பு கிடைக்காட்டியும் செய்யத்தானே வேணும்" என்றார் கணவர், பலகையைப் பார்த்தபடி.

என் தம்பியைத்தான் சொன்னார். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நம்பி, 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது அம்மா தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"அவன் செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னது?"

"கத்தாதையப்பா. நான் போன வருசமே கோயிலிலை மோட்ச அர்ச்சனை செய்விச்சிட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தம்பியின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, உயிரோடு இருப்பவனுக்குச் செய்கிற அர்ச்சனையை நான் செய்விக்கிறேன். அதே ஐயரிடம், அதே பெயருக்கு, இந்த மனிதர் மோட்சம் கேட்டிருக்கிறார். ஐயரும் வாய் திறக்கவில்லை. எத்தனை வெள்ளி என்னைப் பாவம் பார்த்துத் தட்டை வாங்கினாரோ!

"அம்மா அங்கை பிள்ளையைத் தேடித் தாங்கோ எண்டு அவன்ர படத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டிலை இருக்கிறா. நீங்கள் இஞ்சை இருந்துகொண்டு அவனை அனுப்பி வைச்சிட்டியளோ?"

காவலாளி எட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தோழி முகம் வெளிறி நின்றாள். அவளுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று கிழமை அவரோடு கதைக்கவில்லை. சோறு போட்டேன், அவ்வளவுதான். ஒரு நாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அவன் மச்சான்தானே. அவன்ர ஆத்மா அலையக்கூடாதெண்டுதான் செய்தனான்" என்றார். அழுதார். நான் எழுந்து போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இப்போதும் போகிறேன். தம்பியின் பெயரைச் சொல்லிவிடுவேன். நட்சத்திரம் சொல்லும்போது மட்டும் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது. முன்பு ஒருநாளும் தயங்கியதில்லை. அதற்காகத்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.