மழைக்காலம் தாங்கும் பூச்சு

தம்பியைப் பற்றி நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி மகள் பிடிவாதமாகக் கேட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தவன் நான். கம்பம் சந்தையில் வாழைத்தார் சுமந்தேன். பிறகு ஜீப்பில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, குமுளி மலைப்பாதையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனேன். இன்றைக்கு என் ஜீப் நிற்காத ஸ்டாண்டு இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இத்தனையும் செய்தவனுக்கு எழுதுவது மட்டும் பழக்கம் இல்லை. தம்பி எனக்கு இளையவர் என்றாலும் மலரில் ‘அவர்’ என்றுதான் போட வேண்டுமாம். போடுகிறேன். அவன் இவன் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். கொஞ்சம் தடுக்கத்தான் செய்கிறது.

தம்பி பிறந்தது ஓடைப்பட்டியில். அவர் கைப்பிள்ளையாக இருக்கும்போதே எங்கள் ஐயா காலமாகிவிட்டார். ஆத்தா கூலிக்குக் களையெடுக்கப் போனாள். நான் மூட்டை தூக்கினேன். தம்பி படித்தார். அவரைப் படிக்க வைத்தது நான். இதைக் கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். மருந்தாளுநர் படிப்பு முடித்து அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளத்தாக்கில் அவர் கையால் மாத்திரை வாங்காத குடும்பம் குறைவு. வருசநாட்டிலிருந்து இறங்கி வரும் கிழவிகளிடம், “ஆத்தா, இந்த மஞ்சளு சோத்துக்கு முன்ன, இந்த வெள்ளை சோத்துக்குப் பின்ன. மாத்திப் போட்டுட்டு என்னைய வையக் கூடாது” என்பார். எதைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம் இருக்கிற சின்ன எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பிரிப்பார். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட விடமாட்டார். குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. கடன் கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை.

அவருக்கு ஒரே கிறுக்கு, கார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கறுநீலக் கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு, கறுநீலம் போன்ற நிறங்களில் சின்னக் கீறலும் தெரியும் என்று கடைக்காரனே சொல்லியும் கேட்கவில்லை. அதைத் தண்ணீர் சர்வீஸ் கடைக்கு அனுப்பவே மாட்டார். அங்கே எல்லா வண்டிக்கும் ஒரே துணி, அந்தத் துணியில் இருக்கும் மணலே பெயின்டைக் கீறிவிடும் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரக் கொட்டகை நிழலில் காரை நிறுத்திவிட்டு, பஞ்சு போன்ற ஒரு துணியும் டப்பாக்களுமாக உட்கார்ந்துவிடுவார். தம்பி மனைவி என்னிடம் முறையிடும்.

“பாருங்க மாமா. இத்தன வருசத்துல எனக்கு ஒரு நாளாச்சும் இப்பிடித் தலை துவட்டி விட்டிருப்பாகளா?”

“நீ வெயில்ல நின்னா வெளுக்கவா போற?” என்று காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

எனக்கும் அவருக்கும் இதில் ஓயாத வாக்குவாதம். நான் டீசல் நனைத்த துணியால் ஜீப் துடைத்தே ஆளானவன்.

“ஏலே, பச்சப்புள்ளைக்குப் பவுடர் போடுற மாதிரி என்னத்தலே தடவிக்கிட்டு இருக்க? துணியில ரெண்டு சொட்டு டீசல் விட்டு ஒரு இழுப்பு இழுத்தா கண்ணாடி கணக்கா மின்னும்ல.”

“மின்னும்ணே. சாயங்காலத்துக்குள்ள ரோட்டுத் தூசி பூராம் அதுல வந்து ஒட்டிக்கிரும். பெயின்டும் செத்துப் போகும்.”

“எஞ் ஜீப்பெல்லாம் செத்தா போச்சு?”

“உங்க ஜீப்புல பெயின்டு எங்கண்ணே இருக்கு?”

இப்படித்தான் பேசுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வித்தை பாதி பழகிவிட்டது. காம்பவுண்டு என்று ஒரு தேய்ப்புப் பசை, உப்புத்தாள் மாதிரி. ஆழமான கீறலுக்குத்தான் எடுக்க வேண்டும், அடிக்கடி தேய்த்தால் பெயின்டின் மேல்தோலே போய்விடும். பாலீஷ் அதைவிட மென்மை, மங்கலை எடுக்கும். இரண்டும் தேய்ப்பதற்குத்தான், காப்பதற்கு இல்லை. காப்பதற்கு மேலே வாக்ஸ் என்ற மெழுகு போடலாம், சீலன்ட் என்ற ரசாயனப் பூச்சும் போடலாம். வாக்ஸ் போட்டால் எண்ணெய் வைத்த தலை மாதிரி ஒரு பளபளப்பு வரும். ஆனால் நம் ஊர் வெயிலில் உருகிச் சீக்கிரம் போய்விடும். சீலன்டில் அந்தக் குளுமை இருக்காது, ஆனால் மாதக்கணக்கில் நிற்கும். முக்கியமான சங்கதி ஒன்று. சீலன்ட் போட்டுக் காயவிட்டு அதன்மேல் வாக்ஸ் போடலாம். வாக்ஸ் இருக்கும் இடத்தில் சீலன்ட் போட்டால் ஒட்டாது.

அவர் வீட்டை ஒட்டி என் திராட்சைத் தோட்டம். பனிக் காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம். ஒரு தடவை காற்று திரும்பி, காரெல்லாம் வெள்ளையும் நீலமுமாகப் புள்ளி. ஊரில் வேறு யாராவது என்றால் சண்டைக்கு வந்திருப்பார்கள். தம்பி வினிகரில் தண்ணீர் கலந்து, ஒவ்வொரு புள்ளியாக ஊறவைத்து எடுத்தார். எடுத்து முடித்து, “அடுத்த தடவ மருந்தடிக்கையில ஒரு சத்தம் குடுங்கண்ணே, உறை போட்டு மூடிக்கிறேன்” என்றார். அவர் பொறுமைக்கு இது ஒன்றே போதும்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றே தம்பி சொல்லிவிட்டார். பெண்ணை வாடகைக் காரில் அழைத்துப் போகக் கூடாது, தன் காரில், தானே ஓட்டிக்கொண்டு போய் மண்டபத்தில் இறக்க வேண்டும். வேறு எதிலும் அவர் தலையிடவில்லை. சமையல், பந்தல், பத்திரிகை எல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத ஆள் ஏது?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் வயிற்று வலி என்றார். மதுரைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்து, கட்டி முற்றிவிட்டது, அறுத்துப் பயன் இல்லை, கல்யாணம் வரை தேற்றிக் கொடுக்கிறேன், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது, காரை மட்டும் ஓட்ட விடாதீர்கள் என்றார். வெளியே வந்து தம்பியிடம், “வெறும் குடல் புண்ணுதாம்லே, காரத்தக் குறைக்கச் சொல்றாக” என்றேன். தம்பி மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மகளுக்கும் தெரியக் கூடாது என்றேன். இதை முடிவு செய்ய நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முடிவு செய்பவன் நான்.

ஆனால் நோயாளி மருந்தாளுநர் ஆயிற்றே! மாத்திரை அட்டையில் பேர் இருக்குமே! அதற்கும் வழி செய்தேன். அட்டையிலிருந்து மாத்திரைகளை உரித்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, அட்டைகளைத் துண்டு துண்டாகக் கிழித்து எறிந்தேன். பிஸ்கட் பாக்கெட்டையே படித்துப் பார்க்கிற மனிதர், நான் கொடுத்த மாத்திரையை ஏன் எதற்கு என்று கேட்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கொட்டகைக்குக் கொண்டுவர முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. மதுரையில் பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே அதிகம் மின்னுவது எதுவோ அதைக் கொடு என்றேன். வாக்ஸ் கொடுத்தான். தம்பியை ஆஸ்பத்திரியில் ஊசிக்காகப் படுக்க வைத்திருந்த நாளில், நானே காரைக் கழுவித் துடைத்து, அவர் செய்வது போலவே கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, வெளுத்து வந்ததும் துடைத்தேன். சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற முதலாளி நான். அந்த வயதில் அப்படிக் குனிந்து நிமிர்ந்தது யாருக்காக?

மறுநாள் வந்து இறங்கியவர் காரைச் சுற்றி வந்தார். கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“நல்லாருக்குண்ணே. யாரு போட்டது?”

“வேற யாரு போடுவா?”

“வாக்ஸா?”

“ஒசந்த வாக்ஸு.”

“இதக் கழுவி எடுத்துட்டு சீலன்ட் போட்ரலாம்ணே.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “ஏலே, என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு தெரியுமா? கல்யாணத்தன்னைக்கு மின்னணும், அம்புட்டுத்தான? அன்னைக்கு ஒரு நாளைக்கு இது பத்தாதா?”

“ஒரு நாளைக்குப் பத்தும்ணே.”

“பெறகென்ன?”

தம்பி மனைவி அடுப்படியில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“வாக்ஸ் போனா மறுபடி மறுபடி போடணும். யாருண்ணே போடுவா? சீலன்ட்னா ஐப்பசி, கார்த்திகை மழையத் தாங்கிக்கிரும். அவ ஒத்தையில இருக்கையில அந்தக் கவலையும் வேணாம்ல.”

நான் ஒரு எட்டு அவர் பக்கம் வந்து குரலை இறக்கினேன்.

“யாருலே சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. மாத்திரையிலயே எழுத்து அச்சடிச்சிருக்கும்ணே. அட்டையக் கிழிச்சா மட்டும் ஆச்சா?” என்று சிரித்தார். “மகளுக்குத் தெரிய வேணாம். கல்யாணம் முடியட்டும். அவ அம்மாகிட்டயும் எனக்குத் தெரியும்னு சொல்லிராதீக.”

ஆக, நான் அவரிடம் மறைத்தேன், அவர் எல்லாரிடமும் மறைத்தார். மறைத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அன்றைக்கு வாக்குவாதத்தை விட்டுவிட்டேன். வாளியில் தண்ணீர் பிடித்துவந்தேன். அவர் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்ல, வாக்ஸைக் கழுவி எடுத்து, லேசாகப் பாலீஷ் தேய்த்து, சீலன்ட் பூசினேன். “அழுத்தாதீக”, “சுத்திச் சுத்தித் தேய்க்காதீக, நேரா இழுங்க”, “அங்கன விட்டுட்டீக பாருங்க” என்று வேலை வாங்கினார். என்னை இப்படி வேலை வாங்கிய மனிதர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவை மட்டும் தானே பூசுவேன் என்று எழுந்து வந்தார். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து முடித்தார்.

கல்யாணத்தன்று பூ அலங்காரம் செய்ய வந்தவன் டேப்பை எடுத்ததும், “ஏப்பா, டேப்பு ஒட்டாத. நூல்ல கட்டு. கட்ட முடியலன்னா பூவே வேணாம்” என்று தடுத்துவிட்டார். பட்டு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டுக் கட்டிவிட்டோம். காரை நான் ஓட்டினேன். அவர் முன்சீட்டில். பின்னால் மகளும் அவள் அம்மாவும். மண்டபத்து அலங்கார வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

“என்னண்ணே?”

“ஏலே, எறங்கி அந்தப் பக்கம் போ.”

டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. வளைவிலிருந்து வாசல் வரை ஓடுவதற்கு எந்த டாக்டரிடமும் கேட்க வேண்டியதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிரேக்கில் கை வைத்துக்கொண்டேன். நடந்து வருகிறவர்களே முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். மேளக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு போனார்கள். வாசலில் நிறுத்தி, தானே இறங்கி, மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பெண்ணைப் பெற்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் தம்பி நின்ற மாதிரி யாரும் நின்றதில்லை.

கல்யாணம் முடிந்த பிறகுதான் மகளுக்குச் சொன்னோம். கார்த்திகை அடைமழையில், வீட்டில், எங்கள் எல்லார் முன்னாலும், அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். எடுத்து வளர்த்தவன் இருக்க, வளர்ந்தவர் போனார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

தம்பியைக் கடைசிவரை கவனித்த மதுரை டாக்டருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், கொட்டும் மழையில் கூட வந்த ஊர்க்காரர்களுக்கும், அன்றைக்கு ஒரு வண்டிகூட ஓட்டாமல் நிறுத்திவைத்த என் ஜீப் டிரைவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். பேர் விட்டுப்போனவர்கள் வைய வேண்டாம். எனக்கும் வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் ஒருவனே ஞாபகம் வைத்திருந்து அலுத்துவிட்டது.

சீலன்ட் அவர் சொன்னபடி மழைக்காலத்தைத் தாங்கியது. அதற்குப் பிறகு நானே ஒரு தடவை பூசினேன். அதுவும் தேய்ந்துவிட்டது. தம்பி மனைவி கார் ஓட்டாது, விற்கவும் சம்மதிக்காது. மகளும் போன பிறகு அந்த வீட்டில் தம்பி மனைவி தனியாகத்தான் இருக்கிறது. மகள் கோயம்புத்தூரில் குடித்தனம், நல்லது பொல்லது என்றால்தான் வருவாள். வருசத் திதிக்காகப் போன வாரம் வந்தவள், கார் மங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து அப்பா டப்பாக்களை எடுத்து வந்தாள்.

“பெரியப்பா, சீலன்ட் கொஞ்சம் இருக்கு. நீங்க வாங்குன வாக்ஸும் அப்பிடியே இருக்கு. எதப் போட?”

“வாக்ஸே போடு ஆத்தா.”

“அது நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு மாசங்கூட நிக்காதே! அப்பா சீலன்ட்தான போடச் சொல்வாக?”

“நிக்காதுல்ல. போனதும் வந்து மறுபடி போடு.”

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி அவள் அம்மாவைப் பார்த்தாள். சுடிதார் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “எங்கன இருந்து ஆரம்பிக்கணும்?” என்று கேட்டாள்.

“மொதல்ல வண்டிய நெழலுக்கு எடு” என்றேன்.