ஹண்டே ஒழுகிய ஐப்பசி

எரிகிற விறகின் மேல் தண்ணீர் சொட்டும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் இத்தனை வயதிலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். கூடவே நனைந்த சாம்பலின் வாடை ஒன்று எழுந்து மூக்கில் ஏறி, ஒருநாள் முழுக்க இறங்காது. எனக்கு எட்டு வயதில் ஒரு ஐப்பசி பூராவும் எங்கள் குளியலறையில் அந்தச் சத்தமும் அந்த வாடையும்தான். அதற்குக் காரணம் நான்தான் என்று முதலில் நினைத்தேன். அதைச் சரிசெய்ததும் நான்தான் என்று பிறகு நினைத்தேன். இரண்டும் உண்மையா, இரண்டில் ஒன்றா, ஒன்றுமே இல்லையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இப்படிச் சொல்கிறவன் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் கீசர் ஒழுகினாலும் ஏ.சி. நின்றாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். சந்தேகமிருந்தால் ஜூஜுவாடியில் இறங்கி எந்த ஆட்டோக்காரரையும் கேளுங்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். என்னிடம் வேலை பார்க்கிறவர்களில் இரண்டு பேர் பி.இ. படித்தவர்கள். அவர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு முழிக்கும் இடத்தில், நான் குழாயை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தே கேஸ் இறங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு செம்புப் பானையின் ஓட்டை எப்படி அடைபட்டது என்று தெரியாது என்றால் சிரிக்க மாட்டார்களா? அதனால் இந்தக் கதையை இத்தனை நாளும் பாதியிலேயே நிறுத்திச் சொல்லிவந்தேன். இப்போதுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அப்பா கம்பெனி வேலைக்காக எங்களை ஓசூருக்குக் கூட்டிவந்த முதல் வருடம் அது. கௌரம்மா என்ற கன்னடக்காரப் பெண்மணியின் வீட்டில் பின்கட்டு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. அதன் மூலையில் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய அடுப்பு, அடுப்புக்குள் கழுத்துவரை புதைந்திருக்கும் பெரிய செம்புப் பானை. அதற்குத்தான் ‘ஹண்டே’ என்று பெயர். அம்மா அதை இன்றுவரை ‘அண்டா’ என்றுதான் சொல்கிறாள். விறகு வைக்கிற வாய் சுவருக்கு வெளியே இருந்ததால் புகை கொல்லையோடு போய்விடும், வெந்நீர் மட்டும் உள்ளே நிற்கும். சாயங்காலம் எரித்து அணைத்தால் மறுநாள் காலையிலும் கை பொறுக்காத சூடு. இத்தனை கம்பெனி கீசர்களைப் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன், அதுபோல் சூடு பிடித்து வைக்கிற ஒன்றை நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அந்த ஹண்டே இல்லாவிட்டால் ஓசூரே இல்லை. வெயிலைத் தவிர வேறெதையும் அறியாமல் வளர்ந்தவள், ஆவணியில் என் தங்கச்சியைப் பெற்ற பச்சை உடம்புக்காரி. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, ஊரில் ஒரே ஒரு அண்ணன்தான். “இது ஊரா, ஐஸ் பெட்டியா?” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டால், கௌரம்மா மெல்லிய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இதுக்கேவா? மார்கழி வரட்டும் தாயி, அப்போ பேசு” என்பார். ஒரே முற்றத்தில், ஒரே காற்றில் ஒருத்திக்குக் குளிர்கிறது, இன்னொருத்திக்குக் குளிரவில்லை. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. எனக்குக் குளிர்கிறதா என்று கேட்டாலும் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா கம்பெனியில் தன் கடைசல் இயந்திரத்தை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டு, அதே வேகத்தில் வீட்டுக்கு வந்தார். “நமக்கு உழைக்கிறது எல்லாத்தையும் இன்னைக்குத் தேச்சிரணும்” என்றார்.

“அப்ப மொதல்ல அந்த அண்டாவைத் தேய்ங்க. இந்த வீட்டுல என்னையத் தவிர உழைக்கிறது அது ஒண்ணுதான்” என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் செம்பு, பித்தளை என்றால் உள்ளும் புறமும் புளி போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். ஹண்டேயின் உள்பக்கமோ வெள்ளை வெளேர் என்று விரல்கனத்துக்கு உப்பு படிந்து, செம்பே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. பெரியவர்கள் கை அடிவரை எட்டாது. ஆகவே நான் உள்ளே இறங்கினேன். குந்தி உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே தெரியும். அம்மா புளியும் கல்லுப்பும் கொட்டாங்கச்சியும் கொடுத்தாள். புளி பட்டதும் உப்பு நுரைத்துப் பொங்கியது. சுரண்டச் சுரண்ட அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. சாயங்காலம் எட்டிப் பார்த்த அப்பா, “கம்பெனிக்காரன் உன்னைப் பார்த்தா இப்பவே வேலைக்கு எடுத்துக்குவான்டா” என்றார். என் வாழ்க்கையில் முதல் சான்றிதழ் அதுதான்.

மறுநாள் அடுப்பு மூட்டினார்கள். ‘ஸ்ஸ்.’ தண்ணீர் கொதிக்கும் முன்பே நெருப்பு அணைந்துவிட்டது. அப்பா குனிந்து பார்த்தார். ஹண்டேயின் அடியில் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஏழெட்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கௌரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். “ஏன் தாயி, சும்மா இருந்த ஹண்டேக்கு பேதி மாத்திரை குடுத்துட்டியா?”

“சுத்தமாத்தான் தேச்சோம்க்கா” என்றாள் அம்மா.

“வெளிய தேய்ச்சிருந்தா பரவால்ல. உள்ள யாரு தேய்க்கச் சொன்னது? எங்க மாமனார் காலத்து உப்பு அது. அதுல செம்பு எங்க இருந்துச்சு? உப்புதான் ஹண்டே!”

நகத்தில் அழுக்கிருந்தால் பள்ளிக்கூடத்தில் முட்டியில் அடிப்பார்கள். இங்கே அழுக்கை எடுத்ததுதான் குற்றம். அழுக்கா தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது? அப்படியென்றால் சுத்தம் என்பது என்ன?

பாகலூரிலிருந்து செம்பு வேலை செய்கிற ஆசாரி வந்து பார்த்தார். “நெருப்பு படுற இடத்துல ஈயம் நிக்காதுங்க. அடித்தகடே மாத்தணும். அடுப்பை இடிச்சு எடுக்கணும், அந்த அளவுக்குத் தகடு கிடைக்கணும். தீபாவளிக்குள்ள ஆகாது” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார். அப்பா கம்பெனியிலிருந்து ஒருநாள் கறுப்புப் பசை கொண்டுவந்து அப்பினார், உருகி ஓடியது. ஒருநாள் சிமெண்ட் பூசினார், உதிர்ந்து விழுந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சின்னப் பானை பானையாகக் காய்ச்சிய தண்ணீர், வாளிக்கு வருவதற்குள் ஆறிப்போனது. தங்கச்சிக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது ‘கர் கர்’ என்றது. அன்றைக்கு அம்மா சொன்னாள்:

“தீபாவளிக்கு அண்ணன் வாராக. நானும் பிள்ளைகளும் அவுக கூடவே கிளம்புறோம். நீங்க உங்க கம்பெனியைக் கட்டிக்கிட்டு அழுங்க.”

“போறதுன்னா போ. யாரு கட்டிப் போட்டிருக்கா?” என்றார் அப்பா. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

நான் கொட்டாங்கச்சியால் சுரண்டியதால் எங்கள் வீடு இரண்டாகப் போகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. வேறொன்றும் விளங்கவில்லை. ஊருக்குப் போனால் மாமா பிள்ளைகளோடு கண்மாயில் குதிக்கலாம் என்று சந்தோஷமாகவும் இருந்தது; அப்பா தனியாக அந்தப் பின்கட்டில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார் என்று நினைத்தால் அழுகையாகவும் வந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அப்பாவோடு சைக்கிளில் ஜூஜுவாடிக்குப் போனபோது, சாலையோரம் ஒரு லாரி மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. ஓட்டுநர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சள் தூளை அள்ளி ரேடியேட்டருக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். வாய் பிளந்து பார்த்த என்னிடம், “என்ன தம்பி முழிக்கிற? எஞ்சினுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறேன். ஓட்டை தானா அடைச்சுக்கும், சேலம் வரைக்கும் கேக்காது” என்றார். சேலம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய தூரம் போலத்தான் இருந்தது.

கன்னடக்காரர் வீடுகளில் தீபாவளிக்கு முந்தின நாள் ‘நீரு தும்போ ஹப்பா’, அதாவது தண்ணீர் நிரப்புகிற பண்டிகை. அன்று ஹண்டேயை விளக்கிக் கோலம் இட்டு, கழுத்தில் பச்சைக் கொடி சுற்றி, புதுத் தண்ணீர் நிரப்பிக் கும்பிட்டு, மறுநாள் விடியலில் அந்தத் தண்ணீரில்தான் எண்ணெய்க் குளியல். ஹண்டே ஒழுகினால் கௌரம்மாவுக்குப் பண்டிகை இல்லை, அம்மாவுக்கு ஓசூர் இல்லை. அன்று காலை கௌரம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அம்மா உள்ளே தங்கச்சிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் மஞ்சள் டப்பாவை எடுத்துப்போய் முழுவதையும் ஹண்டேக்குள் கொட்டி, நாலு செம்பு தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கினேன். பிறகு ஓடிப்போய் அடுப்பு வாயில் பார்த்தேன். சாம்பல் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு இல்லை. மஞ்சளுக்கு இவ்வளவு சீக்கிரமா வேலை செய்யத் தெரியும் என்று ஆச்சரியப்பட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு பெண்களும் குடம் குடமாக நிரப்பினார்கள். தண்ணீர் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, “மஞ்சளும் போட்டியா தாயி? ஒள்ளேது, ரொம்ப நல்லது” என்று கௌரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா ஹண்டேயைப் பார்த்தாள், என் மஞ்சள் விரல்களைப் பார்த்தாள், அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.

மாமா அன்று பொழுது சாய வந்தார். விடிகாலையில் அந்தத் தண்ணீரில் குளித்து, சிவக்கச் சிவக்க வெளியே வந்து, “என்னா தண்ணி! ஒடம்பு வலியே பறந்துருச்சு. சரி தாயி, துணிமணியெல்லாம் கட்டிட்டியா?” என்றார்.

“பச்சப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் எப்படிண்ணே வர? கோடையில பாப்போம்” என்றாள் அம்மா, மூன்று வாரமாக வேறு எதையும் சொல்லாதவள் போல. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் இன்னும் குளிக்கவேயில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் தெருவில் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆசாரியாலேயே முடியாததை நான் முடித்தேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மறு வருடம் தகடு கிடைத்து ஆசாரி வந்தார். அடுப்பை இடித்து ஹண்டேயைக் கவிழ்த்துத் தட்டினார். அடியில் படிந்திருந்தது பாளமாகப் பெயர்ந்து வந்தது. மேலே வெள்ளையாகப் புது உப்பு, அதற்குக் கீழே என் மஞ்சள். மஞ்சளுக்கும் கீழே, செம்போடு ஒட்டி, கறுஞ்சிவப்பாக இறுகிய ஒரு பட்டை. ஆசாரி அதைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

“யாரும்மா இதுல ராகிக் களி கிண்டினது?”

கௌரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா, “பாப்பா அழுகுது” என்று உள்ளே போய்விட்டாள். பாப்பா அழவில்லை, என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மஞ்சளுக்கு அடியில் இருப்பது மஞ்சளுக்கு முன்னால் போட்டது என்பதைப் புரிந்துகொள்ள ஆறாம் வகுப்பே அதிகம். காய்ந்த சாம்பல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஆனால் போட்டது யார்? கேழ்வரகு மாவு இரண்டு வீட்டிலும் இருந்தது; கௌரம்மா கொடுத்ததை, “இதை மாடுதான் திங்கும்” என்று அம்மா தொடாமலே வைத்திருந்தாள். கௌரம்மா என்றால், குடித்தனக்காரர் முன்னால் தன் ஹண்டேயைத் தானே அடைத்ததை ஏன் மறைக்க வேண்டும்? அம்மா என்றால், போகிறேன் போகிறேன் என்று சொன்னதெல்லாம் என்ன? இருவரும் சேர்ந்தா? அப்பாவுக்குத் தெரியுமா? அப்பாவும் கௌரம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவிடம் கேட்டால், “நீதானடா அடைச்ச? ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப என்ன சந்தேகம்?” என்கிறாள்.

இப்போது அந்தத் தெருவில் சுவருக்கு வெளியே அடுப்பு வாய் ஒன்றுகூட இல்லை, எல்லா மாடியிலும் ஏ.சி. பெட்டிதான் தொங்குகிறது. அம்மாவை மூன்று வாரம் அழவைத்த அந்தக் குளிரையும் காணோம். மாசி பிறக்கும் முன்பே கூப்பிட்டு, “அண்ணே, ரூம் கூலாகவே மாட்டேங்குது” என்கிறார்கள். எனக்குத்தான் வேலை, நான் குறை சொல்லக்கூடாது. ஆனால் பழைய கீசரில் உப்பு எடுக்கச் சொன்னால் மட்டும், “எடுத்தா ஒழுகலாம், வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று ஒரு நாள் தள்ளிப்போடுவேன். பி.இ. படித்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

போன வாரம் அம்மாவின் குளியலறைக் கீசரை நானே இறக்கினேன். அவளுக்கு மட்டும் ஆளை அனுப்ப மாட்டேன். தொட்டிக்குள் விரல்கனத்துக்கு உப்பு. தரையில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ரொம்ப உள்ள சுரண்டாதடா” என்றாள்.