வாசலில் நின்று ஜெபித்தவர்கள்

2007 ஜூன் மாதம் என் மனைவி எஸ்தருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. தாம்பரத்துக்கு ரயிலில் திரும்பும்போது ரிப்போர்ட்டையே திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஜெபிக்கக்கூட வார்த்தை வரவில்லை.

பயம் வந்தால் எதையாவது ஒழுங்குபடுத்துவது என் சுபாவம். கீமோதெரபி தொடங்கும் முன்பே கதவருகே ஒரு பை தயார்: மாற்றுப் புடவை, ரிப்போர்ட் ஃபைல், தண்ணீர், வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர். ஆட்டோக்காரரின் நம்பரை டெலிபோனுக்கு மேலே ஒட்டினேன். தெர்மாமீட்டர் தலையணைப் பக்கத்தில். வாய்ப்புண் வந்தாலும் விழுங்க முடியும் என்று கஞ்சிக்கு அரிசி உடைத்து வைத்தேன்.

"என்னங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேனா, அந்தமானுக்குப் போறேனா?" என்றாள் எஸ்தர்.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் ஏற்பாடு இல்லை. எங்கள் சபையில் யாராவது படுத்துவிட்டால், ஆராதனை முடிந்த கையோடு எல்லோரும் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். முதல் கீமோவுக்குப் பின் ஹால் நிரம்ப வந்தார்கள். ஒரு சகோதரர் இருமிக்கொண்டே ஜெபித்தார். அந்த வாரமே எஸ்தருக்குக் காய்ச்சல். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து நடுங்கினாள். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன, இன்னொரு தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து, கூட்டம் சேர்க்காதீர்கள் என்றார் டாக்டர்.

ஜெபிக்க வருகிறவர்களை எப்படித் தடுப்பேன்? தடுக்காவிட்டால் இவளை இழந்துவிடுவேனோ? இரண்டாவது கீமோவுக்குப் பின் வந்த ஞாயிறு, முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, வாசல்ல நீங்களே நில்லுங்க. என்னால முடியல."

மதியம் சபையார் வந்துவிட்டார்கள். முன்னால் பெண்கள் ஐக்கியத் தலைவி ரோஸி அக்கா. நான் கேட்டைத் திறக்கப் போனேன்.

"தொறக்காதீங்க பிரதர்," என்றார் அக்கா. "எங்க அண்ணிக்கு இதே ட்ரீட்மெண்ட் நடந்தப்போ கூட இருந்தவ நான். போன தடவை ஊருக்குப் போயிட்டேன், இல்லன்னா இவங்கள அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். இங்கயே நின்னு ஜெபம் பண்றோம்."

"தலையில கை வைக்காம எப்படிக்கா?" என்றார் அன்று இருமிய சகோதரர்.

"கர்த்தர் கை வைப்பாரு. நீ மொதல்ல இருமலுக்கு மருந்து சாப்பிடு."

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எஸ்தர் சிரித்தாள். நோய் தெரிந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். டாக்டர் சொன்னதை நான் சபையில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தெருவில் நின்றே பாடினார்கள், ஜெபித்தார்கள். ஆமென் சொன்னபோது அவள் குரல்தான் எனக்குக் கேட்டது.

பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே. சூடாகக் குழைந்த சோறு கேரியரில் வரும். கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். தொற்று திரும்ப வரவில்லை. ஒரு கீமோவும் தள்ளிப்போகவில்லை. சிகிச்சை முடிந்து, அணுக்கள் ஏறிவிட்டன என்று டாக்டர் சொன்ன வாரம், எஸ்தரே கேட்டைத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள்.

பிரியமானவர்களே, உங்களால் ஆன ஆயத்தங்களைச் செய்யுங்கள். கைக்கு எட்டாததை அவரிடம் விட்டுவிடுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெளியே நின்று ஜெபிக்கத் தயங்காதீர்கள். அந்த ஜெபத்துக்கும் அவர் பதில் தருகிறார். என் மனைவி உயிரோடு இருக்கிறாள்.