மாமனாருக்குக் கோபம், மாமியாருக்குப் பேய்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊட்டில் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் புத்தி தேய்ந்தது. ரெண்டு பேரையும் வைத்துப் பார்த்தவள் நான். வேறு ஒருத்தி வந்து பார்க்கட்டும் என்று விட்டதில்லை.

முதலில் மாமனார். எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வராத காலம். மாடு கட்டித் தண்ணி இறைக்கப் போனவர், மாட்டைப் பின்பக்கமாக நடத்துவது எப்படி என்று தெரியாமல் கிணற்று மேட்டில் நின்றுவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் கோபம்தான். எப்போதோ விற்ற காளையை நாங்கள் திருடிவிட்டோம் என்பார். பண்ணையத்து ஆளைத் தடியால் அடித்தார். சோற்று வட்டிலை என் மேல் வீசினார். ஊரில் ஒருத்தரும் அதை நோவென்று சொல்லவில்லை. பெரிய பண்ணையக்காரர், அப்படித்தான் இருப்பார் என்றார்கள். கோயிலில் முதல் திருநீறு கடைசி வரைக்கும் அவருக்குத்தான்.

அவர் போய் மூன்று வருசம் கழித்து மாமியாருக்கு ராகிக் களி கிண்டுவது மறந்தது. பற்ற வைக்காத அடுப்பு முன்னால் துடுப்போடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. அழுகை, பயம், அவ்வளவுதான். சின்னதில் அம்மை போட்டு இறந்த மகள் தண்ணித் தொட்டியோரம் நிற்கிறாள், உள்ளே கூப்பிடு என்பார். கூப்பிட்டேன் அத்தை, வந்து தூங்குகிறாள் என்பேன். அடங்குவார்.

இப்போது டாக்டர்கள், இந்த மாதிரி நோய் ஆம்பளைக்குக் கோபமாகவும் பொம்பளைக்கு அழுகையாகவும் வருவதுண்டு என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு யார் சொல்ல? மாமியாருக்குப் பேய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பக்கத்து ஊர்ப் பூசாரி வேப்பங்குச்சியால் அடித்து, உச்சிமுடியைப் பிடுங்கி மரத்தில் ஆணி வைத்து அறைவார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கூட்டிப்போக என் வீட்டுக்காரர் வண்டி பூட்டிவிட்டார். எலும்பும் தோலுமாய் இருந்த அத்தை உடம்பு ரெண்டு அடிக்குத் தாங்காது. அதுவரைக்கும் வீட்டுக்காரரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள், போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, மாமன் தடியெடுத்து அடிச்சப்ப எந்தப் பூசாரியையும் தேடலீங்களே. அவருக்குக் கோபம், இவங்களுக்கு மட்டும் பேயா? ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே மறதிதானுங்க."

வேலியோரம் நின்ற பக்கத்து ஊட்டுக்காரி, வண்டி கிளம்பும் முன்னேயே பேய் மருமகள் மேல் தாவிவிட்டது என்று சிரித்தாள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டினார்.

உள்ளே வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார். நீங்கள் யார் என்று மாமியார் கேட்டார். உங்கள் பையன் என்றார். என் பையன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான் என்றார் மாமியார். ஊரையே அதட்டுகிற மனுசன், தோள்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். மாமியார் மெல்ல நகர்ந்து வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார்.

"அழுவாதீங்க சாமி. பேய்னு சொல்லி வண்டி பூட்டிப்போடுவாங்க."