ஜப்பான் மலையில் விழுந்த சாரல்

என் மகளின் போனில் ஜப்பான் மலை ஒன்று இருக்கிறது. போன பங்குனியில் தினமும் விடிந்ததும் பல்கூட விளக்காமல் நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பார்ப்போம். உச்சி, நடு, அடிவாரம் என்று மூன்று வரி. ஒவ்வொன்றிலும் எத்தனை சென்டிமீட்டர் பனி கிடக்கிறது, இன்றைக்கு எத்தனை டிகிரி, வருகிற ஒரு வாரத்துக்கு என்ன என்று போட்டிருக்கும். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நம்பர் தெரியும், படம் தெரியும். பூ மாதிரி இருந்தால் பனி, சொட்டு மாதிரி இருந்தால் மழை.

காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற அந்த இடத்தில்தான் என் மருமகன் வேலை பார்க்கிறார். ஆட்கள் கம்பியில் தொங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து மேலே போவார்கள். உச்சியில் அவர்கள் இறங்குகிற இடத்தில் இவர் நிற்பார். யாராவது தடுமாறினால் நாற்காலியை நிறுத்த வேண்டும். தரை தெரிந்தால் பனியை அள்ளிப் போட்டு மூட வேண்டும்.

பனி இருக்கிற வரைக்கும் அங்கே சீசன். பனி போனால் மூடிவிட்டு ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மூடுகிற தேதியை முன்கூட்டிச் சொல்லமாட்டார்களாம். மகளுக்கோ சித்திரை நடுவில் நாள் குறித்திருந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தென்காசிக்கு என்னிடம் வந்திருந்தாள். அதற்குள் அவர் வந்துசேர, அந்த நம்பர் இறங்க வேண்டும் என்று வேண்டுவதே எங்கள் வேலையாகிவிட்டது.

"எம்மா, நேத்தைக்கு இன்னைக்கு நாலு சென்டிமீட்டர்தான் கொறஞ்சிருக்கு. இப்படியே போனா பிள்ளை நடக்கப் படிச்ச பெறவுதான் அவிய வருவாவ."

"அந்த ரிசார்ட்டுக்காரன் போடுதத நம்பாதட்டி. இன்னொண்ணப் பாரு."

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் இருபது வருஷத்துக்கு மேல் அறை பெருக்கியவள். சீசன் நாளில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, தண்ணி விழுதா? அருவி நூல் மாதிரி ஒழுகினாலும் மேனேஜர் அண்ணாச்சி, "ஜோரா விழுது, கெளம்பி வாங்க" என்பார். பனி விற்கிறவனும் அப்படித்தானே சொல்லுவான்? அதனால் மகள் வானிலைக்காரர்கள் போடுகிற பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பாள்.

ஒருநாள் நான் பண்பொழி திருமலைக் கோயில் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அங்கே மழை விழுந்து பனி கரையட்டும், நான் படியேறி வருகிறேன் என்று. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மூன்று வரியிலும் சொட்டுப் படம். உச்சியிலும் சொட்டு. அடுத்த நாளும் சொட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்குச் சாரல் என்றாலே நல்லதுதான். சாரல் விழுந்தால்தான் மலை குளிரும், அருவி விழும், ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். சாரலால் ஒரு கெடுதல் வரும் என்று நினைக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த அடுத்த நாள் காலை ஏழு மணி வாக்கில் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார். அங்கே பத்தரை. உச்சியிலிருந்து எடுத்தது. "பாத்தியாட்டி, நம்மூரு சாரல் கணக்கா தூறுது. பனியெல்லாம் கஞ்சியா போச்சி," என்று சிரித்துக்கொண்டே போனைச் சுற்றிக் காட்டினார். சின்னக் கொட்டகை. அதன் பின்னால் செங்குத்தாக ஒரு சரிவு.

மகளும் சிரித்தாள். "கேட்டியாம்மா, கஞ்சியாம்."

"திரும்பப் போடுட்டி," என்றேன்.

போட்டாள். அந்தச் சரிவில், கொட்டகைக்கு நேர் மேலே, சுவர் வெடித்த மாதிரி குறுக்கே நீளமாக ஒரு கீறல். கீறலுக்குக் கீழே பனி, தள்ளிவிட்ட பாய் போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. அந்த மடிப்புக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. வெள்ளையாக இல்லை. செம்மண் நிறத்தில் கலங்கி வந்தது.

மூன்றாம் தடவை நானே போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன்.

குற்றாலத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வந்தால் அப்புறம் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. மேலே என்னவோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சீசனில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் முதலில் அதைப் பார்த்தவள் நான்தான். சத்தம் போட வாய் வரவில்லை. அத்தனை வெளியூர்ப் பெண்களுக்கு நடுவில் நான் என்ன கத்துவது என்று கூச்சம். பக்கத்தில் இருந்தவளின் சேலையை மட்டும் இழுத்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசில் ஊதுவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. ஓடின ஓட்டத்தில் ஒரு பெண் பாறையில் விழுந்து மண்டை உடைந்தது. உயிர் போகவில்லை. ஆனாலும் அந்த ரத்தம் எனக்கு மறக்கவில்லை.

"அவியளுக்குப் போன் போடு. அங்கன நிக்க வேண்டாம்னு சொல்லு."

"சும்மா இரும்மா. அங்க அதுக்குன்னே ஆளு இருக்கு. தெனமும் காலையில செக் பண்ணிட்டுதான் தொறப்பாவ."

"போடுட்டி!"

நான் அப்படி அதட்டியதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "நீதான மழை வேணும்னு நேர்ந்த?" என்றாள். "இன்னொரு தடவை போடு," என்றேன்.

நாலாவது தடவை எடுத்தார்.

"வேலை நேரத்துல என்னட்டி?"

"எங்கம்மா ஒங்ககிட்ட பேசணுமாம்," என்று சொல்லிப் போனை என் கையில் வைத்துவிட்டாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்கள் வீடுகளில் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. இலை போட்டாலும் 'சோறு வைக்கட்டுமான்னு கேளு' என்று மகளிடம்தான் சொல்வேன்.

"அத்தையா?" என்றார் அவர். அவரும் பயந்திருப்பார். "என்னாச்சி? அவளுக்கு எதும்...?"

"அவ நல்லாருக்கா மாப்ள. ஒங்களுக்குப் பின்னாடி மலை கீறியிருக்கு. தண்ணி கலங்கி வருது. அங்கன நிக்காதீங்க, எறங்கிருங்க."

"அது ஒண்ணுமில்ல அத்தை. காலையில பாத்துட்டுதான் தொறந்தாங்க."

"காலையில தண்ணி வந்துச்சா?"

அவர் திரும்பிப் பார்த்தார் போல. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்ல," என்றார். "காலையில தண்ணி இல்ல."

"அப்பம் போயி சொல்லுங்க."

"யாருகிட்ட? எங்க சூப்பர்வைசர் பெரியவரு கீழ இருக்காரு. நான் சேந்து மூணு மாசம்தான் ஆகுது. அவங்க பாஷையும் எனக்கு அரைகுறை. ஒண்ணுமில்லாம போச்சின்னா சிரிப்பாங்க அத்தை."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. வாய் வரலைன்னா கையக் காட்டுங்க. ஆளுவ வந்து எறங்கிட்டே இருக்காங்கல்லா?"

போன் கட்டாகிவிட்டது. அவர் வைத்தாரா, தானாகவே போனதா, தெரியவில்லை.

அப்புறம் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. பால்காரர் வந்து கூப்பிட்டுப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. மகள் அந்த ரிசார்ட் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஓடுகிற நாற்காலிக்கெல்லாம் பச்சைப் புள்ளி. உச்சிக்குப் போகிறதும் பச்சை. அவள் திரையை இழுத்து இழுத்து விட்டாள். பச்சை. மறுபடி இழுத்தாள். பச்சை.

"எம்மா!"

உச்சியில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி.

மூடிவிட்டார்கள். ஆனால் எதற்கு மூடினார்கள்? சரிவதற்கு முன்னாலா, சரிந்த பிறகா? மகள் போன் போட்டாள், எடுக்கவில்லை. எனக்கு அந்தச் சிவப்புக் குறியைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எட்டரைக்கு அவரே கூப்பிட்டார். மகள் அழுகிற அழுகையில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் போனை வாங்கினேன்.

"மாப்ள, எங்க இருக்கீய?"

"கீழதான் அத்தை. எல்லாரையும் எறக்கியாச்சி. பெரியவர மேல கூப்பிட்டுக் கையக் காட்டினேன், பாத்தாரு. சிரிக்கல. நேரா போயி நாற்காலிய நிறுத்திட்டாரு."

"விழுந்துட்டா?"

"இன்னும் விழல. ஆனா நாங்க எறங்கும்போது பாத்தேன். அந்தக் கீறல்ல இப்பம் ஒரு ஆளு நிக்கலாம்."

அவர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அன்றைக்கு அது விழவில்லை. மறுநாள் விடியற்காலை ஆள் யாரும் இல்லாத நேரத்தில் இறங்கியிருக்கிறது. கொட்டகை வரைக்கும் வந்ததாம். கதவு வரைக்குமா, கூரை வரைக்குமா என்று அவர் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் இருந்ததால் நானும் கேட்கவில்லை.