ஆதியம்மாளின் இரண்டு சலான்கள்

ஆதியம்மாள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தேழு வயதில். அதற்கு முந்தைய வருடம் அவள் புருஷன் நீலமேகத்தின் ஃபைபர் படகு கரையேறும்போது அலையில் புரண்டு அவன் வலது தோள்மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது; கைக்குப் பழைய பலம் திரும்பவில்லை. சோற்றுத் தட்டைப் பிடிக்கும், கயிற்றைப் பிடிக்காது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் அவர்கள் குப்பத்தில், கயிறு பிடிக்க முடியாதவனுக்குக் கடலில் வேலையில்லை.

அதுவரை கரையில் ஏலமெடுத்த மீனை அங்கேயே கைமாற்றிக்கொண்டிருந்தவள், இனி தானே ஊருக்குள் கொண்டுபோய் விற்றால்தான் அடுப்பு எரியும் என்று கண்டாள். கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகம் சுளித்தார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருநாள் நடுவழியில் இறக்கியே விட்டார்கள். அந்த வாரமே கம்மலை அடகு வைத்துப் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றை வாங்கிவிட்டாள். மகள் சுவேதா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு தடவை ஆதியம்மாள் வண்டியோடு சவுக்குத் தோப்புக்குள் போய் விழுந்தாள். மூன்றாம் மாதம் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். சீட்டுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி வைக்க இரும்பு ஸ்டாண்ட் ஒன்றை வெல்டு வைத்தாள். ஹெல்மெட் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. குப்பத்துப் பெண்கள் கிண்டல் செய்தபோது, "எங்கூட்டுல ஏற்கெனவே ஒருத்தருக்கு அடிபட்டுகீது, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

ஏழு வருடம் இப்படியே ஓடியது. காலையில் திருப்போரூர், பிறகு நாவலூர் அடுக்குமாடிகளின் வாசல், மதியத்துக்குள் வீடு.

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை, சுவேதா அம்மாவின் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ம்மா, உன் வண்டிக்கு ரெண்டு ஃபைன் வந்துகீது. ஒண்ணு நாவலூர்ல ராங் சைடு. போன புதன்கிழமை காலைல எட்டே முக்கால்."

"அது நான்தான்," என்றாள் ஆதியம்மாள் உடனே. "ஐஸ் கரைஞ்சிகினு இருந்துச்சி. யூ டர்ன் எம்மாந்தூரம் கீது தெரியுமா. இன்னொண்ணு இன்னா?"

"ட்ரிப்பிள்ஸ். ஹெல்மெட் இல்ல. நேத்து, ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலேகால்."

"அது நான் இல்ல."

கேமரா எடுத்த படத்தை சுவேதா பெரிதாக்கிக் காட்டினாள். அதே நிறத்தில் ஓர் எக்ஸ்எல். ஓட்டுகிறவன் தலையில் ஒன்றுமில்லை. அவன் முன்னால் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒருத்தி, மடியில் கைக்குழந்தை. அதன் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தாள். நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணில் சேறு அப்பியிருந்தது. அதை இயந்திரம் எட்டு என்று படித்திருந்தது. ஆதியம்மாளின் வண்டிக்குக் கடைசி எண் எட்டு.

அவள் எண்ணைப் பார்த்ததைவிட அந்த முந்தானையைப் பார்த்ததுதான் அதிகம்.

மறுநாள் திருப்போரூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சுதாகரிடம் போனாள். அவளிடம் வாரத்துக்கு இரண்டு நாள் மீன் வாங்குகிறவன்.

"ரெண்டையும் கட்டிட்டுப் போயேன்க்கா. கோர்ட்டுக்கு அலைஞ்சா யாவாரம்தான் கெடும். இதுக்கெல்லாம் யாரும் கோர்ட்டுக்குப் போறதில்ல," என்றான் அவன்.

"ஏழு வருசமா ஹெல்மெட்டு போட்டுகினு ஓட்றேன் சுதாகரு. ஹெல்மெட்டு இல்லாம போனேன்னு எழுதி வெச்சா, இத்தினி நாள் போட்டதுக்கு இன்னா அர்த்தம்?"

அவன் இரண்டையும் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி எழுதிக்கொடுத்து, படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தான். ஆறு வாரம் கழித்துச் செங்கல்பட்டுக்கு வரச்சொல்லித் தேதி வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குப் புதுக் கவலை ஒன்று பிடித்துக்கொண்டது.

"நான் இல்லன்னு சொன்னா அவுங்களத் தேடிப் புடிப்பாங்களாய்யா?" என்று நீலமேகத்திடம் கேட்டாள். "கைப்புள்ளைய வெச்சிகினு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாங்களோ."

"அவன் பண்ணது தப்புதான் ஆதி. அந்தப் பொண்ணு முன்னால நிக்குது, பிரேக்கு போட்டா இன்னா ஆவறது? ஆனா அவன் யாருன்னு உனக்குத் தெரியாதே. தெரிஞ்சத சொல்லு, போதும்." பிறகு, "நாளைக்கு நானும் வரேன்" என்றான்.

இரண்டு வருடமாகத் திருப்போரூரைத் தாண்டாதவன் அவன். ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சுதாகரின் ஹெல்மெட்டை இரவல் வாங்கி நீலமேகத்தின் தலையில் மாட்டி, வார் பூட்ட வராத கைக்குப் பதிலாக அவளே பூட்டிவிட்டாள். மாமல்லபுரம் வழியாகத் திருக்கழுக்குன்றம் போய்ச் செங்கல்பட்டு சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவன் இடது கையால் அவள் தோளைப் பிடித்தபடி வந்தான்.

நீதிமன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. பெயர் கூப்பிடுவார்கள், ஆள் போய் நிற்பார், "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்பார்கள், "ஒத்துக்கறேங்க" என்பார், அவ்வளவுதான், அடுத்த பெயர். நாற்பது பேர் அப்படிப் போய்விட்டார்கள். ஆதியம்மாள் முன்னால் வந்து கும்பிட்டாள். நீதிபதி நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கேஸ் இருக்கு. ஒத்துக்கறீங்களா?"

"மொதல்ல இருக்கறத ஒத்துக்கறேம்மா. ராங் சைடுல வந்தேன். ரெண்டாவது நான் இல்ல."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணை ஒத்துக்கறீங்க, ஒண்ணை மறுக்கறீங்க?"

"பண்ணதப் பண்ணேன்னு சொன்னாத்தாம்மா பண்ணாததப் பண்ணலன்னு சொல்ல எனக்கு வாய் வரும்."

"சரி. அந்த ஞாயித்துக்கிழமை நாலேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

ஆதியம்மாளுக்கு இது வரும் என்று தெரியும். பதிலும் தெரியும். ஆனால் இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. கீழே பார்த்துக்கொண்டு, "வூட்டுல இருந்தேம்மா. எங்கூட்டுக்காரருக்கு முகம் வழிச்சிகினு இருந்தேன்" என்றாள்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அடங்கியது.

"அவருக்கு வலது கை வராதும்மா. பிளேடு புடிச்சா கை ஒதறும். வாராவாரம் ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நான்தான் வழிச்சி வுடுவேன்."

பின்னால் சுவரோரம் நின்றிருந்த நீலமேகம் கூப்பிடாமலே குரல் கொடுத்தான். "ஆமாம்மா. நான்தான் அது." இடது கையால் தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். அன்று செவ்வாய்க்கிழமை; இரண்டு நாள் நரைமுடி மட்டும் முளைத்திருந்தது.

"அவர் உங்க புருஷன். உங்களுக்காகத்தான் பேசுவார்," என்றார் நீதிபதி. குரலில் கடுமை இல்லை. "வேற ஏதாவது இருக்கா?"

ஆதியம்மாள் பிரிண்டை நீட்டினாள். "இந்த வண்டியில பின்னால ஸ்டாண்டு இல்லம்மா. எங்க வண்டிக்கு இரும்பு ஸ்டாண்டு வெல்டு வெச்சிகீது. ஏழு வருசமாச்சி. வண்டி வெளிய வேப்ப மரத்தாண்டதான் நிக்குது."

நீதிபதி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஏட்டு திருநாவுக்கரசை அழைத்து, வண்டியைப் பார்த்துவிட்டு வரச்சொன்னார். அவர் போய்வர ஐந்து நிமிடம். அதுவரை வேறு இரண்டு பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஆதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். நீலமேகம் தலையை மெல்ல ஆட்டினான்.

திருநாவுக்கரசு வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "இருக்குங்க மேடம். வெல்டு பழசு, துருப்பிடிச்சிருக்கு. இழுத்துப் பார்த்தேன், அசையல. போட்டோல இருக்கறது வேற வண்டிதான். கடைசி நம்பர் மூணா இருக்கலாம், எட்டா இருக்கலாம், சேறு."

நீதிபதி எழுதத் தொடங்கினார். இரண்டாவது சலான் தள்ளுபடி. முதலாவதற்கு, தானே ஒத்துக்கொண்டதால் குறைந்த அபராதம்.

"இனிமே யூ டர்ன் வரைக்கும் போங்க. எதிர்ல வர்றவங்க உங்களை எதிர்பார்க்கமாட்டாங்க."

"போறேம்மா." ஆதியம்மாள் நகரவில்லை. "அந்தக் குடும்பத்தத் தேடுவீங்களாம்மா?"

நீதிபதியின் பேனா நின்றது. "எனக்கு முன்னால இருக்கிறது உங்க கேஸ் மட்டும்தாம்மா," என்றார். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டோடு சேர்த்து வைத்தார். "அந்தக் குழந்தைங்க பத்திரமா வீடு போய்ச் சேர்ந்திருக்கும்னு நினைப்போம்." அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பணத்தைக் கட்டி ரசீது வாங்கி வெளியே வரும்போது மணி இரண்டு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்டார்கள். நீலமேகம், கொளவாய் ஏரியைப் பார்க்கவேண்டும் என்றான். சின்ன வயதில் ரயிலில் போகும்போது பார்த்ததாம். போனார்கள். ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. எதிர்க்கரையில் ரயில் ஒன்று சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கரையில் உட்கார்ந்ததும் ஆதியம்மாளுக்கு அழுகை வந்தது. கோர்ட்டில் வரவில்லை, ஆறு வாரமாக வரவில்லை, இப்போது வந்தது.

"இன்னாத்துக்கு அழுவற? ஜெயிச்சிட்டுதான வந்த," என்றான் நீலமேகம்.

"தெரில போ. அந்தம்மா நான் சொன்னதக் கேட்டாங்களே."

அவன் துண்டை எடுத்து நீட்டப் பார்த்தான். வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. இடது கைக்கு மாற்றி, அவள் முகத்தைத் தானே துடைத்துவிட்டான். இருவரும் வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தார்கள். கடலையே பார்த்து வளர்ந்தவனுக்கு அலையில்லாத தண்ணீர் அதிசயமாக இருந்தது; அதில் என்ன மீன் கிடைக்கும், எந்த வலை போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தெரிந்ததை அவள் சொன்னாள்.